மாசிப் பூக்களும் காணி உறுதியும்

ஒன்பதாம் தரத்தில் பெரும்பொழுதுகள் ஆறு என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய மாதங்களையும் எதிரே எழுதினேன். பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், இதுல வசந்தகாலம் நம்மட ஊருக்கு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

இளவேனில்தான் வசந்தம், அது சித்திரையும் வைகாசியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மனம் ஒப்பவில்லை. புத்தளக் கரையில் சித்திரை வரும்போது பூ முடிந்து பிஞ்சு பிடித்துவிடும். இங்கே வாடைக்காற்று மழை மார்கழியோடு தணிகிறது. தை பிறந்தால் காலையில் பனி, பகலில் வெயில். அந்த ஈரமும் வெயிலும் சேரும் மாசியில்தான் எங்கள் வளவுகள் பூக்கின்றன. மாமரம் பூக்கிறது. கஜு மரத்தின் சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூக்கள் மணக்கின்றன. முருங்கை வெள்ளையாகச் சொரிகிறது. வேலியோரக் கடதாசிப்பூ மழை போனதும் இலை தெரியாமல் நிறைகிறது. பங்குனி பிறக்கும்போது வேம்பு பூத்து முற்றம் எல்லாம் மா தூவியதுபோல் கிடக்கும். மல்லிகையும் அரும்பு கட்டும். இலக்கணப்படி இது பின்பனிக்காலம். கண்ணால் பார்த்தால் இதுதான் எங்கள் இளவேனில்.

அடுத்த நாள் வகுப்பில், அவரவர் வளவில் பூத்திருக்கும் செடி கொடிகளை எழுதிவரச் சொன்னேன். அதை யார் நட்டது, கன்று எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டு எழுதச் சொன்னேன். பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. வளவுப் பூக்களைக் கேட்டால் அவை இந்தக் கரையின் முஸ்லிம்களுடைய வரலாற்றைச் சொல்கின்றன. நாம்தான் இதுவரை கேட்கவில்லை.

எழுதப்பட்ட பூக்கள்

புத்தளத்து முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்னு பதூதாவில் தொடங்குவார்கள். நானும் அவரிடமே போகிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து வந்த அவர் இந்தக் கரையில் இறங்கினார். ஊரைப் 'பத்தாலா' என்று எழுதினார். மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்ததையும், ஆரியச்சக்கரவர்த்தி அங்கே இருந்ததையும் குறித்தார். கூடவே, ஆறுகள் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிலே குவிந்து கிடந்ததையும், மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் வந்த வணிகர்கள் அரசனுக்குத் துணியும் பிறவும் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிச் சென்றதையும் எழுதிவைத்தார். பாவாத மலைக்கு ஏறும்போது உள்ளங்கை அளவு சிவந்த பூக்களைக் கண்டார். அவற்றின் இதழில் அல்லாஹ்வின் பெயரும் ரசூலுல்லாஹ்வின் பெயரும் இருப்பதாக அங்குள்ளவர்கள் சொன்னதையும் விடாமல் குறித்தார். அவர் ரோசா என்றது மலைநாட்டில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரத்தின் பூவாக இருக்கலாம் என்று பின்வந்த சிலர் கருதினார்கள்.

அதற்கு மூன்று நூற்றாண்டுகளின் பின் ஒல்லாந்தர் வந்தார்கள். கற்பிட்டிக் கோட்டையை 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1672 முதல் 1677 வரை, ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் செடி கொடிகளைச் சேர்த்துக் காயவைத்துத் தொகுத்தார். அந்தத் தொகுப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஹேர்மன் காயவைத்த பூக்கள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆகப் பயணி எழுதினார், கம்பனிக்காரர் எழுதினார். அரசன், துறைமுகம், கறுவா, முத்து, உப்பு எல்லாம் ஏட்டில் ஏறின. கிணற்றடியில் ஒரு மருதோண்டிக் கன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பெண் எந்த ஏட்டிலும் இல்லை. அவளுடைய ஏடு அந்தச் செடிதான்.

பெயர் ஒன்று, ஊர் ஒன்று

பிள்ளைகள் கொண்டுவந்த பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கஜு மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகக் கீழைக் கரைகளுக்கு வந்தது. கஜு என்ற சொல்லையும் அவர்களே தந்தார்கள். கடதாசிப்பூ தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. பட்டிப்பூ என்று நாங்கள் சொல்லும் நித்தியகல்யாணியின் சொந்த மண் மடகஸ்கார். மாதுளை ஈரான் பக்கத்திலிருந்து பரவியது. சிவப்புச் செவ்வரத்தையைச் சில வீடுகளில் சப்பாத்துப்பூ என்பார்கள்; அதிலுள்ள சப்பாத்தும் போர்த்துக்கேயச் சொல்லே.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது மல்லிகை. நம் வளவுகளில் பூக்கும் அடுக்கு மல்லிகைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அரபு மல்லிகை. அதன் தாவரவியற் பெயரில் வரும் 'சம்பாக்' என்ற சொல்லும் அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கும் 'ஸன்பக்' என்பதிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் செடி அரபு நாட்டில் தோன்றியதல்ல, தென்னாசியாவின் செடி. இங்கிருந்து அங்கே போய், அங்குள்ள பெயரோடு உலகம் சுற்றியது.

இதைப் படித்தபோது எங்களையே நினைத்துக்கொண்டேன். சோனகர் என்ற பெயரே அந்நியரைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் தம் நாட்டில் கண்ட முஸ்லிம்களின் பெயரை எங்களுக்கும் ஒட்டி 'மூர்' என்றார்கள். பெயர் தூரத்துப் பெயர் என்பதற்காக ஆளும் தூரத்து ஆள் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த எண்ணம் வெறும் எண்ணமாக நின்றுவிட்டால் பரவாயில்லை. 1990இல் அது நிற்கவில்லை.

நடப்படாத பூக்கள்

எங்கள் ஊர் மன்னார் மாவட்டம் முசலிப் பக்கத்துக் கடலோரக் கிராமம். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலத் தவணை. மன்னாரில் சில நாட்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேறினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். உம்மாவின் மடியில் தம்பி, உம்மும்மாவின் மடியில் ஒரு சீலைப் பொட்டலம். அதற்குள் வீட்டுத் திறப்பும் இரண்டு சோடி உடுப்பும் இருந்தன. காணி உறுதி அலுமாரியிலேயே கிடந்துவிட்டது. உம்மும்மா கடைசி மட்டும் சொல்லிச் சொல்லி வருந்தியது அதைத்தான்.

கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இருந்த சனங்கள் எங்களைக் கைவிடவில்லை. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. ஊர்ச் சனம் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. முகாம் என்றார்கள்.

முகாமில் முதல் வருடத்தில் என்னென்ன நட்டோம் என்று இப்போது உம்மாவிடம் கேட்டேன். முருங்கைக் கம்பு நட்டோம், பப்பாசிக் கொட்டை போட்டோம், கொச்சிக்காய்க் கன்று வைத்தோம் என்றார். எல்லாம் சீக்கிரம் காய்த்துக் கறிக்கு உதவுபவை. பூமரம் ஒன்றும் இல்லையா என்றேன். "உம்மும்மா விட்டாத்தானே" என்றார்.

அது எனக்கும் நினைவிருக்கிறது. பக்கத்து வளவு மாமி, புத்தளத்துக்காரர், ஒரு நாள் வேரோடு ஒரு மல்லிகைக் கன்றைக் கொண்டுவந்தார். எங்கள் ஊர் வீட்டில் கிணற்றடி முழுக்க மல்லிகை இருந்ததாக உம்மா ஏதோ பேச்சில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உம்மும்மா கன்றை வாங்கிக்கொண்டார், மாமிக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார், துஆ செய்தார். மாமி போனதும் கன்றைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துவிட்டு நடாமல் இருந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டேன்.

"பூமரம் நட்டா தண்ணி ஊத்தோணும் மகள். தண்ணி ஊத்தினா வேர் ஓடும். வேர் ஓடினா பிறகு எப்பிடி விட்டுட்டுப் போற?"

மூன்றாம் நாள் கன்று வாடிவிட்டது. மாமி அதைக் கண்டாரா, கண்டும் பேசாமல் இருந்தாரா, தெரியாது. ஆனால் 1991 ஏப்ரலில் நோன்புப் பெருநாள் வந்தபோது, அதற்கு முந்தின நாள் அதே மாமி ஒரு கட்டு மருதோண்டி இலையோடு வந்தார். "இது நடுறதுக்கில்ல, அரைக்கிறதுக்கு" என்று சிரித்துக்கொண்டே உம்மும்மாவிடம் கொடுத்தார். அந்த வருடம் முகாம் பிள்ளைகள் எல்லாருடைய கையும் சிவந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியராக இருந்து 2018இல் மறைந்த எஸ். எச். ஹஸ்புல்லாஹ், வட முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் இழப்பையும் பல்லாண்டு ஆராய்ந்து எழுதியவர். காணி, வீடு, கடை, தோணி என்று இழப்பைக் கணக்கெடுக்கலாம் என்ற எண்ணமே பலருக்கு அவரால் வந்தது. வாளிக்குள் வாடிய கன்று அப்படிப்பட்ட எந்தக் கணக்கிலும் சேராது. ஆனாலும் ஒரு சமூகம் எவ்வளவு காலம் திரும்பிப் போகும் எண்ணத்தோடு இருந்தது என்பதை அளக்க வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. முகாம்களில் முருங்கை இருந்தது, பூ இல்லை.

முதற் பூ

எங்கள் குடும்பம் புத்தளத்து மண்ணில் நட்ட முதற் பூஞ்செடி வீட்டில் இல்லை. முகாமுக்கு வந்த நாலாம் வருடம் உம்மும்மா மௌத்தானார். மையவாடியில் அவரை அடக்கிவிட்டு வந்த வாப்பா, மறுநாள் பட்டிப்பூக் கன்று ஒன்றைக் கொண்டுபோய்க் கபுரடியில் நட்டார். பச்சையாய் இருக்கும்வரை அது தஸ்பீஹ் செய்யும் என்று நம் முன்னோர் சொல்லும் நம்பிக்கை. போகப் போகிறோம் என்று சொல்லிப் பூ நட மறுத்தவரின் தலைமாட்டில்தான் எங்கள் முதற் பூ பூத்தது. ஒரு சமூகம் தன் மையத்தை அடக்கிய மண்ணை வெறும் தங்குமிடம் என்று எப்படிச் சொல்லும்? அதற்குப் பிறகு உம்மா கொட்டில் வாசலில் செவ்வரத்தைக் கம்பு ஒன்றை ஊன்றினார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அயல் முகாம்களிலும் இப்படித்தான் மெல்ல மெல்ல நடந்திருக்கிறது. பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் என்று காணி வாங்கியவர்கள் வேலி அடைத்தார்கள். 2007இல் உலக வங்கியின் உதவியோடு வீடமைப்புத் திட்டம் தொடங்கியபின் கிடுகு போய்க் கல்வீடுகள் வந்தன. கல்வீட்டு முற்றங்களில் கடதாசிப்பூவும் மல்லிகையும் வந்தன. என் வகுப்புப் பிள்ளைகளின் தாள்களில் கன்று வந்த இடம் என்ற கேள்விக்கு அதிகம் கிடைத்த பதில், "பக்கத்து வீட்டிலிருந்து". அந்தப் பக்கத்து வீடுகளில் பல, புத்தளத்தின் பழைய குடிகளுடையவை.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இரு தரப்புக்கும் இடையில் கசப்பும் இருந்தது. கிணற்றுத் தண்ணீருக்கும், பாடசாலை வாங்குக்கும், உப்பளத்து, வெங்காயத் தோட்டத்துக் கூலி வேலைக்கும் ஆள் கூடியபோது பழைய குடிகளுக்கு நெருக்கடி வந்தது. அது நியாயமான நெருக்கடி. எங்கள் பக்கத்தில், பாடசாலையில் 'அகதி' என்று கூப்பிடப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இரண்டும் உண்மை. ஆனால் அதே காலத்தில் வேலிக்கு மேலால் கன்றுகளும் கைமாறின என்பதும் உண்மை. கசப்பை எழுதும் வரலாறு கன்றையும் எழுத வேண்டும்.

வடக்கின் வசந்தம்

2009இல் யுத்தம் முடிந்தது. அரசாங்கம் வடக்குக்கான அபிவிருத்தித் திட்டத்துக்கு 'வடக்கின் வசந்தம்' என்று பெயர் வைத்தது. வசந்தம் எப்போது வரும் என்று அந்தப் பிள்ளை கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பெயர்தான்.

கண்ணிவெடி அகற்றிய பின் முசலிக்குப் போனோம். இருபது வருடத்தில் ஊர் காடாகிவிட்டது. வீட்டுக்குச் சுவர் பாதி நின்றது. கூரை இல்லை, கதவு நிலை இல்லை. எது எங்கள் வளவு, எது சாச்சாவின் வளவு என்று வாப்பாவுக்கே பிடிபடவில்லை. உடைமுள்ளும் பற்றையும் எல்லா எல்லைகளையும் மூடிவிட்டன. அப்போது உம்மா ஓர் இடத்தில் நின்று, "இஞ்ச பாருங்க" என்றார். பற்றைக்குள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மருதோண்டி. நுனியெல்லாம் நுண்ணிய வெளிர்ப் பூ. அதிலிருந்து நாலடி தள்ளித் தூர்ந்த கிணறு. கிணறு கிடைத்தபின் குசினி கிடைத்தது. குசினியை வைத்து வாசலைக் கண்டுபிடித்தோம். மல்லிகை செத்துப்போயிருந்தது. நீரில்லாமல் அது இருக்காது. மருதோண்டியும் வேம்பும் மாதுளை ஒன்றும் தாக்குப்பிடித்திருந்தன.

அப்படித் திரும்பியவர்கள் காடழிப்பவர்கள் என்ற பேச்சு சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவியது. வில்பத்து 1938 முதல் தேசியப் பூங்கா. அது மோதரகம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. ஆற்றுக்கு வடக்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி போன்ற பழைய முஸ்லிம் கிராமங்கள். சனம் முகாமில் இருந்த காலத்தில் வளர்ந்த காட்டையும் சேர்த்து, 2012இல் அந்தப் பகுதியில் ஒதுக்கக் காடு வர்த்தமானி மூலம் பிரகடனமானது. 2017இல் மாவில்லு பாதுகாப்பு வனம் பிரகடனமானது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் காடு எது, காடாகிப்போன வீடு எது என்று பிரித்தறிய வழி இருக்கிறது. பாலையும் வீரையும் தானாக வளரும். கிணற்றடியில் மருதோண்டியும், வாசலில் மாதுளையும், சுவரோரத்தில் வரிசையாக வேம்பும் தானாக அந்த ஒழுங்கில் வளர்வதில்லை. யாரோ நட்டிருக்கிறார்கள்.

சட்டத்துக்கும் இது புதிதல்ல. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, காணிப் பங்கு வழக்கில் அளவைக்குப் போகும் நில அளவையாளர் காணியிலுள்ள கட்டிடங்களையும் மரம் செடிகளையும் அவற்றின் ஏறக்குறைய வயதையும் அறிக்கையில் எழுத வேண்டும். தென்னை இத்தனை, மா இத்தனை, வயது இத்தனை என்று எழுதுவார்கள். மரம் சாட்சி சொல்லும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்கே காணி என்ற பழைய காலாவதிச் சட்டம் இடம்பெயர்ந்தவர்களுக்குத் தடையாக நின்றபோது, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரை யுத்தத்தால் உரிமை கேட்க முடியாதிருந்தவர்களுக்கு வழி விட்டது. வழி திறந்தாலும் ஆதாரம் வேண்டும். அலுமாரியோடு உறுதி போனவர்களுக்கு எஞ்சியிருப்பது கிணறும், கபுரும், அந்தச் செடிகளும்தான். வாப்பா தன் விண்ணப்பத்தோடு இணைத்த படங்களில் ஒன்று மருதோண்டியினுடையது. அந்த விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை.

செய்ய வேண்டியது

இப்போது எங்களுக்கு இரண்டு வளவு. புத்தளத்தில் ஒன்று, முசலியில் ஒன்று. எங்களைப் போல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் இரண்டு கரைக்கும் இடையில் வாழ்கின்றன. எது உங்கள் ஊர் என்று கேட்பவர்கள் ஒற்றைப் பதிலை எதிர்பார்க்கிறார்கள். உம்மும்மாவின் கபுர் இங்கே இருக்கிறது. அவர் நட்ட மருதோண்டி அங்கே இருக்கிறது. இதில் எதை விட்டுப் பதில் சொல்வது?

1990இல் குடும்பப் பெண்களாக இருந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள். எந்த வளவில் எந்த மூலையில் என்ன பூத்தது, கன்று யார் கொடுத்தது என்பது அவர்களுடைய நினைவில் மட்டும் இருக்கிறது. ஆண்களிடம் கேட்டால் எல்லைக்கல்லைச் சொல்கிறார்கள். பெண்களிடம் கேட்டால் பூவைச் சொல்கிறார்கள். எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்த ஊர்களில் இரண்டாவது சாட்சியம்தான் உதவுகிறது. இதைப் படிக்கும் ஆசிரியர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், பல்கலைக்கழகப் பிள்ளைகள், வீட்டிலுள்ள மூத்த பெண்களை உட்காரவைத்து விட்டுவந்த வளவின் படம் ஒன்றைக் கீறச் சொல்லுங்கள். கிணறு எங்கே, பூமரம் எங்கே என்று குறித்து, தேதி போட்டு, பெயர் எழுதி வையுங்கள். புத்தளத்தின் பழைய குடிகளிடமும் கேளுங்கள். அவர்கள் வேலிக்கு மேலால் கொடுத்த கன்றுகளும் இந்த வரலாற்றில் சேர வேண்டும்.

கியாமத்து நாள் வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடச் சொன்னவர்கள் நம் நபி, ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். உம்மும்மாவுக்கும் இந்த ஹதீஸ் தெரியும். அவர் நடாமல் விட்டதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தக் கன்றை விட முசலி பெரிதாக இருந்தது.

சென்ற மாசியில் அந்த மாமியின் வீட்டுக்குப் போனேன். கண் மங்கிவிட்டது, ஆளை மட்டும் குரலால் அறிகிறார். மல்லிகைக் கன்று ஒன்று வேண்டும் என்றேன். "இந்த முறை நடுவியா?" என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் அதை மறக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு கன்று தந்தார். ஒன்றை இங்கே கிணற்றடியில் நட்டேன். மற்றதை முசலிக்குக் கொண்டுபோய் மருதோண்டிக்குப் பக்கத்தில் மகள் நட்டாள். இரண்டும் பிடித்திருக்கின்றன. பங்குனியில் அரும்பு வரும், இன்ஷா அல்லாஹ்.